நாங்க எல்லாருந்தானுங்க

அன்றைக்குக் காலையில் கோயம்புத்தூர் டிராம் ஷெட்டில் இருந்த இருபத்திரண்டு வண்டிகளுக்கும் ஒரே வியாதி வந்தது. காய்ச்சல் என்றால் கொசுவைத் திட்டலாம், வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரைத் திட்டலாம். இது எதிலும் சேராத வியாதி. சுவரில் இருந்த பெரிய திரையில் ஒவ்வொரு வண்டி எண்ணுக்கு நேராகவும் ஒரே வரி வந்திருந்தது: ‘பிரேக் போடறப்ப ஒரு மாதிரியா இருக்குதுங்க.’

கோகிலவாணி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தாள். ஒன்றாம் எண்ணிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் ஒரு எழுத்து மாறவில்லை. இதில் பதினேழாம் எண் வண்டிதான் வேடிக்கை. அது ஒரு வாரமாகச் சக்கரம் கழற்றப்பட்டு ஜாக்கியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

“ஏனுங்க சிராஜுண்ணா, பதினேழுக்குச் சக்கரமே இல்லியே. அது எங்க போயி பிரேக் போட்டுதாம்?”

மூத்த ஃபிட்டர் சிராஜுதீன் திரையை ஒரு பார்வை பார்த்தார். “கனவுல ஓடியிருக்கும் அம்மிணி” என்றார்.

கோகிலா சிரித்தாலும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய வேலையே இந்த வண்டிகளைப் பழக்குவதுதான். நட்டு முடுக்குகிற ஃபிட்டராகத்தான் சேர்ந்தாள். கற்றுக்கொள்ளும் மூளை வைத்த வண்டிகள் வந்த பிறகு, அவற்றுக்கு எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்று சொல்லித் தருகிற ஆளாக ஆனாள். ஐந்து வருடமாகத் தினமும் காலையில் “எல்லாரும் எப்படி இருக்கீங்க?” என்று மைக்கில் கேட்பாள். வண்டிகள் திரையில் பதில் போடும். சில வண்டிகள் கூடவே ஒரு மணியும் அடிக்கும். ஒன்பதாம் எண்ணுக்கு அவள் ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தாள். அது இரண்டு மணி அடிக்கும்.

அன்றைக்கு ராசாத்திகூட மணி அடிக்கவில்லை.

சரி, பொய்யோ மெய்யோ, பார்த்துவிடுவோம் என்று எல்லாரும் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த வேலைப் பள்ளத்தில் இறங்கினார்கள். பிரேக் கட்டைகளைப் பார்த்தார்கள், தட்டுகளைத் தடவினார்கள், சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தார்கள். எல்லாம் கணீரென்று இருந்தது. குமரேசன் என்ற இன்னொரு ஃபிட்டர், வாழ்நாளில் வேகமாக எதையும் செய்யாதவன், அவன்கூட அன்றைக்கு ஆறு வண்டி பார்த்துவிட்டான். குற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் ஹேமலதா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வேலூர்க்காரி. மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலையில் கெட்டி, மனுஷி நல்லவள், ஆனால் ஷெட்டில் யாரும் அவளோடு உட்கார்ந்து டீ குடித்ததில்லை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து வருவாள், கேட்பாள், போவாள்.

“கோகிலா, சாயங்காலம் நாலு மணிக்கு மந்திரி வந்து மருதமலை அடிவாரத் தடத்தைத் திறந்து வைக்கிறாரு. இங்க ஒரு வண்டியும் தயார் இல்லன்னு திரை சொல்லுது. என்ன இது?”

“வண்டிக ஒண்ணுமில்லாததச் சொல்லுதுங்க மேடம். பொய்யின்னுதான் தோணுது.”

“மெஷின் எப்படிப் பொய் சொல்லும்?”

“பழைய வண்டியா இருந்தாச் சொல்லாதுங்க. அதுக்குச் சட்டம் எழுதி உள்ள வச்சிருந்தாங்க. சூடு இத்தனைக்கு மேல போனா சிவப்பு லைட்டு, அவ்வளவுதான். இதுங்களுக்கு ஒண்ணுமே எழுதித் தரலீங்க. புதுசா வேலைக்கு வந்தவன் ஷெட்டுல நின்னு, நாம பேசறதக் கேட்டு, செய்யறதப் பாத்துக் கத்துக்கறானில்லீங்களா, அப்படிக் கத்துக்கிச்சுங்க. அதனாலதான் ஆறு மாசத்துக்கு முன்னயே விரிசலக் கண்டுபுடிச்சிருதுங்க.”

“அப்ப பொய் சொல்றத யார்கிட்டக் கத்துச்சு?”

ஹேமலதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நேத்து ஓடின ரிக்கார்ட எடுத்துப் பாத்தா எந்த வண்டி உண்மையச் சொல்லுதுன்னு தெரியாதா?”

“அதையும் பாத்துட்டேனுங்க. ஏதோ ஒரு வண்டியோட ரிக்கார்டையே எல்லா வண்டியும் தன்னோடதுன்னு எடுத்து வச்சிருக்குதுங்க. பதினேழு உட்பட.”

ஹேமலதா குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “கோகிலா, உங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. ஆனா ஜனங்க ஏறுற வண்டி இது. பொய் சொல்ற மூளைய வச்சுக்கிட்டு நான் எப்படி ஓட்டுறது? மத்தியானத்துக்குள்ள எதுன்னு கண்டுபிடிங்க. இல்லன்னா இருபத்திரண்டையும் அழிச்சிட்டு, கம்பெனி அனுப்பியிருக்கிற புது மூளைய ஏத்திடப் போறேன். எனக்கு வேற வழியில்ல.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் கோகிலாவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. தப்பாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஐந்து வருடம், மழையும் வெயிலுமாகக் கூடவே நின்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஒரு பட்டனில் போய்விடும். ராசாத்திக்கு அவள் யார் என்றே தெரியாமல் போய்விடும். ஒன்பதாம் எண்ணின் பக்கவாட்டில் கை வைத்துக்கொண்டு, “என்னடி ஆச்சு உங்களுக்கெல்லாம்? சொல்லித் தொலைங்களேன்” என்றாள்.

அப்போது வாசல் பக்கம் படாரென்று ஒரு சத்தம் கேட்டது.

விழாவுக்காக மந்திரி படம் போட்டுச் செய்து வைத்திருந்த வரவேற்புப் பலகை, மந்திரியின் மூக்குக்கு நடுவில் கிழிந்து தரையில் கிடந்தது. பக்கத்தில் சரக்கு தூக்குகிற வண்டி நின்றது. அதன் இருக்கையில் யாரும் இல்லை. சிராஜுதீன் நான்கடி தள்ளி நின்று மிகவும் அக்கறையாக ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹேமலதா அறையை விட்டு ஓடி வந்தாள். “யார் பண்ணினது இது?”

ஷெட்டே ஒரே குரலில் சொன்னது: “நாங்க எல்லாருந்தானுங்க மேடம்.”

இது அந்த ஷெட்டின் பழைய வழக்கம். முன்னொரு காலத்தில் இங்கே ஒரு மேனேஜர் இருந்தார். தப்புச் செய்தவன் பெயர் தெரிந்தால் மறுநாளே தூத்துக்குடிக்கோ ஓசூருக்கோ தூக்கியடிப்பார். ஒரு நாள் அவர் கேட்டதற்கு, சிராஜுதீன்தான் முதலில் இந்தப் பதிலைச் சொன்னார். எல்லாரையும் ஓசூருக்கு அனுப்பிவிட்டால் கோயம்புத்தூரில் டிராமை யார் பார்ப்பது? மேனேஜர் முழித்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார், ரிட்டயர் ஆகித்தான். வழக்கம் மட்டும் போகவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அப்படி.

ஆனால் கோகிலா அன்றைக்குக் கேட்டது ஷெட்டின் குரலை மட்டும் அல்ல. அவர்கள் சொல்லி முடித்த அதே மூச்சில், வரிசையாக நின்ற வண்டிகள் எல்லாம் ஒரு மணி அடித்தன. இருபத்திரண்டும் சேர்ந்து ஒரே ஒரு ‘டிங்’.

அவள் அப்படியே ஒரு டூல்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். “அட என்ற சாமி” என்றாள். “தாயப் போல புள்ள, நூலப் போல சேலைங்கறது இதுதானா.”

“என்ன?” என்றாள் ஹேமலதா.

“மேடம், கண்டுபுடிச்சிட்டேனுங்க. இதுங்க பொய்யின்னு நெனச்சுச் சொல்லலீங்க. பழகினதச் சொல்லுதுங்க. யாரு பண்ணினதுன்னு கேட்டா எல்லாரும் சேந்து நிக்கோணும். ஒருத்தரையும் காட்டிக் குடுக்கக் கூடாது. இத நான் சொல்லித் தரலீங்க, நாங்க எல்லாருஞ் சேந்து தெனமும் சொல்லித் தந்திருக்கறோம். ஒரு வண்டிக்கு நெசமாவே என்னமோ இருக்குது. அதச் சொன்னா யாரோ ஒருத்தரு மாட்டிக்குவாங்க. அதான் மத்ததுக எல்லாம் கூட நிக்குதுங்க.”

“ஒரு மாதிரியா இருக்குதுன்னு மொட்டையா சொல்லுதே, அது?”

குமரேசன் தலையைச் சொறிந்தான். “அது நான் சொல்றதுங்க மேடம். நீங்க எதாச்சும் கேட்டா.”

ஹேமலதாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. “சரி. அப்ப மைக்குல சொல்லுங்க. உண்மையச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க.”

“சொன்னா நம்பாதுங்க. வாயில சொல்றத மட்டும் வச்சுக் கத்துக்கற ஜாதியில்ல இதுங்க. நடக்கறதப் பாக்கோணும். நாங்க ஒவ்வொருத்தரா நெசத்தச் சொல்றோம். நீங்க மெமோ குடுக்காம இருக்கோணும். அத இதுங்க பாக்கோணும்.”

“நாடகம் போடணுங்கிறீங்க.”

“நாடகமுன்னா கண்டுபுடிச்சிருமுங்க. நெசமாவே சொல்லோணும்.”

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ வருடம் எல்லாருமாக இருந்துவிட்டு, திடீரென்று ஒற்றை ஆளாவது லேசான காரியமா? சிராஜுதீன் தொண்டையைக் கனைத்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அந்தப் பலகைய இடிச்சது நாந்தானுங்க. கண்ணாடி போடாம ஓட்டுனேன். கண்ணு மங்கிப் போச்சுன்னு தெரிஞ்சா வண்டியத் தொட உடமாட்டீங்கன்னு பயம்.”

ஷெட் முழுக்க ஹேமலதாவின் வாயைப் பார்த்தது. அவள் கொஞ்சம் யோசித்து, “முதல்ல கண்ணாடி மாத்துங்க சிராஜ் பாய். டாக்டர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன்” என்றாள். சிராஜுதீன் எதிர்பார்த்தது இதுவல்ல. வெறுமனே தலையை ஆட்டினார்.

குமரேசன் முன்னால் வந்தான். “போன வெள்ளிக்கிழம உங்க ரூமுல டப்பாவுல அதிரசம் இருந்துதில்லீங்க. எலியின்னு சொன்னோம். எலி இல்லீங்க.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு உட்டேனுங்க.”

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், ஹேமலதாவும் சிரித்தாள். அதற்கப்புறம் அணை உடைந்த மாதிரிதான். கிரீஸ் டப்பாவை மூடாமல் விட்டவர், மழையென்று சொல்லி மேட்னி ஷோ போனவர், தப்பான அளவு போல்ட்டைப் போட்டுவிட்டு மறுநாள் விடிகாலை ஓடி வந்து மாற்றியவர் என்று ஆள் ஆளாக வந்தார்கள். அந்தப் போல்ட்டுக்கு மட்டும் ஹேமலதாவின் முகம் மாறியது. ஆனாலும், “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ராத்திரியே மாத்தியிருக்கலாம். ஒரு ராத்திரி நீங்க தூங்கியும் இருக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் கோகிலாவின் முறை வந்தது. அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

“சாயங்காலம் நான் ஏறிப் போறப்ப, ராசாத்தி சிங்காநல்லூர் ஸ்டாப்பத் தாண்டையில ரெண்டு மணி எச்சா அடிக்குமுங்க. நாந்தான் பழக்கி வச்சிருக்கேன். என்ற ஊட்டுக்காரரு அதக் கேட்டுத்தான் அரிசிக்கு ஒலை வெப்பாரு. நான் ஊட்டுக்குப் போறதுக்கும் சோறு ஆகறதுக்கும் சரியா இருக்கும்.”

“அந்த ஏரியாவுல மணிச் சத்தம்னு எனக்கு மாசாமாசம் புகார் வருதே, அது உங்க வீட்டுச் சோறா?”

“ஆமாங்க. இனிமே அடிக்க வேண்டாம்னு சொல்லிப்போடறேனுங்க.”

எல்லாரும் சொல்லியாயிற்று. எல்லாரும் திரும்பித் திரையைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வரியும் அசையாமல் அப்படியே இருந்தன. வெளியே மழை வலுத்தது. ஹேமலதா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கையைக் கீழே விட்டாள். அவளுக்கும் இப்போது அந்தப் பட்டனை அழுத்த மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கோகிலா வண்டிகளைப் பார்த்தாள். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. கவனிக்கிறபோதுதான் அவை அப்படி எரியும். இன்னும் எதற்கோ காத்திருக்கின்றன. யாருக்காக?

“மேடம்” என்றாள் மெதுவாக. “எல்லாருமின்னா எல்லாருந்தானுங்க. நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க.”

“நானா? நான் என்ன பண்ணினேன்?”

ஹேமலதா வாசலில் போட்டிருந்த விழா மேடையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

“அந்த மேடைக்கு இடம் பத்தலன்னு காண்ட்ராக்டர் சொன்னான். பின்னாடி மணல் காய வைக்கிற அடுப்பு இருந்துச்சில்ல, அதக் கழட்டி எடுக்கச் சொன்னேன். மூணு நாள்தானே, என்ன ஆகிடப் போகுதுன்னு நினைச்சேன். உங்ககிட்டச் சொன்னா வேண்டாம்னு சொல்லுவீங்க. அதனால சொல்லல. இங்கதான், இந்த வண்டி பக்கத்துல நின்னுதான் போன்ல பேசினேன். அது நான்தான்.”

டிங்.

அவள் கை காட்டிய பதினான்காம் எண் வண்டியிலிருந்து வந்தது அந்த மணி. திரையில் மற்ற இருபத்தொரு வரிகளும் மறைந்தன. பதினான்கின் வரி மாறியது: ‘மணல் ஈரமுங்க. நேத்து வெள்ளோட்டத்துல மருதமலை இறக்கத்துல வழுக்கிட்டேன்.’

சிராஜுதீன் அதற்குள் வண்டிக்கு அடியில் போய்விட்டார். டிராம் சக்கரத்துக்கு மேலே ஒரு மணல் பெட்டி இருக்கும். மழையில் தண்டவாளம் நனைந்தால், அதிலிருந்து பொடிமணல் தண்டவாளத்தில் விழுந்து சக்கரத்துக்குப் பிடிமானம் கொடுக்கும். மணல் உலர்ந்திருக்க வேண்டும் என்பது சோறு வெந்திருக்க வேண்டும் என்பதைப் போல. அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, குழாய் தானாகக் கொண்டு வந்து நிரப்பிவிடும். சிராஜுதீன் கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையில் கொழுக்கட்டை மாதிரி ஒரு மணல் கட்டி இருந்தது.

“மேடம், இது ஒரு வண்டியோட போற சங்கதி இல்லீங்க” என்றாள் கோகிலா. “அதே மணலத்தான எல்லாத்துக்கும் ரொப்பியிருக்குது.”

திறந்து பார்த்தார்கள். ராசாத்தியிலும் கொழுக்கட்டை. ஜாக்கியில் இருந்த பதினேழில்கூடக் கொழுக்கட்டை. பொய் சொன்னதாக நினைத்த இருபத்தொரு வண்டிகளுக்கும் அதே நோய்தான் இருந்தது. அது அவற்றுக்கே தெரியாது, அவ்வளவுதான். மூளையை அழித்துவிட்டுச் சாயங்காலம் மழையில் அனுப்பியிருந்தால், மருதமலை இறக்கத்தில் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வந்திருக்கும்.

ஹேமலதா பதினான்காம் எண்ணின் அருகே போய் நின்றாள். “அப்ப இதெல்லாம் இவ்வளவு நேரம் யாரைக் காட்டிக் கொடுக்கல? என்னையா?”

“உங்களத்தானுங்க.”

“நான் வந்து மூணு மாசந்தான் ஆச்சு. நான் யார் இவங்களுக்கு?”

“ஷெட்டு ஆளுங்க” என்றாள் கோகிலா. “இதுங்களுக்கு அந்த ரூமு, இந்தப் பள்ளம்னு வித்தியாசம் தெரியாதுங்க மேடம். அத நாங்க சொல்லித் தரலியே.”

ஹேமலதாவின் கண் கலங்கிவிட்டது. அவள் அதை மறைக்கவும் இல்லை. பையிலிருந்து போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டு, விழா ஒரு மணி நேரம் தள்ளிப்போகும் என்றாள். எதிர்முனையில் யாருடைய தப்பு என்று கத்தியது ஷெட் முழுக்கக் கேட்டது. பழக்கதோஷம், எல்லாரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“இல்ல சார். நான்தான்.”

மணலை எங்கே காய வைப்பது? அடுப்பைத் திரும்ப மாட்ட நேரமில்லை. விழாவுக்குக் கேசரி கிளற வந்திருந்த சமையல்காரர்களிடம் நான்கு பெரிய வாணலிகளும் அடுப்பும் இருந்தன. கடலை வறுக்கிற மாதிரி மணலை வறுத்தார்கள். மேனேஜரும் ஒரு கரண்டியைப் பிடித்தாள். புகையில் இருமிக்கொண்டே அவர்களோடு உட்கார்ந்து டீயும் குடித்தாள். மூக்கில் ஒட்டுப்போட்ட பலகைக்குக் கீழே நின்று மந்திரி ரிப்பன் வெட்டினார். பதினான்காம் எண் அடிவாரம் வரைக்கும் போய், கொட்டுகிற மழையில் பூப்போல இறங்கி வந்தது. கேசரி மட்டும் கொஞ்சம் நறநறவென்று இருந்ததாகச் சொன்னார்கள்.

விழாவுக்கு வண்டிகள் கிளம்புவதற்கு முன்னாலேயே கோகிலா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். ராசாத்தியிடம், இனி சிங்காநல்லூரில் கூடுதலாக மணி அடிக்க வேண்டாம் என்று சொன்னாள். மற்ற வண்டிகளும் பக்கத்தில்தான் விளக்கு எரிய நின்று கேட்டுக்கொண்டிருந்தன. விழா முடிந்து அவளை ஏற்றிக்கொண்டு வந்த ராசாத்தி, ஸ்டாப்பைச் சத்தமில்லாமல் தாண்டியது. கோகிலாவுக்கு என்னவோ போல் இருந்தது.

வீட்டுக்குப் போனால், அவள் கணவன் தண்டாயுதம் வேர்த்து விறுவிறுத்து நின்றான். சமையல் மேடை முழுக்கச் சோறு.

“ஏம்புள்ள, இன்னிக்கு என்ன உங்க வண்டிகளுக்கு? அஞ்சு மணியில இருந்து வர்றது போறது எல்லாம் ரெண்டு ரெண்டு மணி அடிக்குது. நீ வந்துட்டேன்னு நெனச்சு நாலாவது தடவயா ஒலை வெச்சிருக்கறேன்.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, தெருக்கோடியில் ஒரு டிராம் போனது. டிங், டிங். அதன் பின்னாலேயே எதிர்த் தடத்தில் இன்னொன்று. டிங், டிங். ராசாத்தியிடம் மட்டும்தானே வேண்டாம் என்று சொன்னோம் என்று கோகிலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

“மேடம், புகார் வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிப்போடறேனுங்க. அந்த மணி நிக்கல. எச்சாயிருச்சு.”

“ராசாத்தியா?”

“அது இல்லீங்க. அது சொன்ன சொல்லக் காப்பாத்திருச்சு.”

“பின்ன யாரு கோகிலா?”

“இந்தத் தடவ நெசமாவே எல்லாருந்தானுங்க மேடம்.”